கிரிமினாலஜி (குற்றவியல்) ஜர்னல் பேப்பரை எப்படி படிக்கணும்?

அப்ஸ்ட்ராக்ட் (பேப்பர் ஆரம்பத்துல வர்ற சுருக்கம்) படிச்சிட்டு கடைசி வரிய மட்டும் எடுத்துட்டு போயிடாதீங்க. இந்த ஃபீல்டுல ஒரு பேப்பர் போலீஸ் ஸ்டேஷன் நடைமுறைய மாத்திடும், தப்பா மாத்தினா அடி வாங்குறது யாரோ ஒரு வீட்டுல இருக்குற பொண்ணு.

அமெரிக்கால மினியாபொலிஸ்ல 1981-82ல ஒரு சோதனை நடந்துச்சு. வீட்டுக்குள்ள அடிதடின்னு போலீஸ் போவாங்க, கையில மூணு கலர் ஃபார்ம் கலந்து வெச்ச பேடு, மேல எந்த கலர் இருக்கோ அதான் நடவடிக்கை: அரெஸ்ட், இல்ல பேசி சமாதானம், இல்ல அடிச்சவர எட்டு மணி நேரம் வெளிய அனுப்புறது. அத நடத்தின ஆய்வாளர்கள் ஷெர்மனும் பெர்க்கும் 1984ல அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவியூல ரிசல்ட் போட்டாங்க. 314 கேஸ், ஆறு மாசம் போலீஸ் ரெக்கார்ட பாத்ததுல அரெஸ்ட் ஆனவங்க 10% திரும்ப மாட்டினாங்க, பேசி விட்டவங்க 19%, வெளிய அனுப்பினவங்க 24%. உடனே நிறைய ஊர்ல அரெஸ்ட்தான்னு ஆகிப்போச்சு.

இங்கதான் மெத்தட்ஸ் பகுதிய (ஆய்வ எப்படி செஞ்சாங்கன்னு சொல்ற இடம்) முதல்ல படிக்கணும்னு சொல்றேன். ரெக்கார்டுல வராத அடி எத்தனையோ இருக்கும், அதுக்காக பாதிக்கப்பட்டவங்ககிட்டயும் பேசினாங்க, ஆனா கடைசி வரைக்கும் பேச முடிஞ்சது கிட்டத்தட்ட பாதி பேர்கிட்டதான். மீதி பேருக்கு என்ன ஆச்சு? எந்த பேப்பர்லயும் இந்த கேள்விய கேளுங்க.

அடுத்து கூகுள் ஸ்காலர்ல அந்த பேப்பருக்கு கீழ இருக்குற 'சைட்டட் பை' அமுக்கி, அத மேற்கோள் காட்டி பின்னாடி வந்த பேப்பரெல்லாம் பாருங்க, இத மட்டும் விட்டுடவே விடாதீங்க. இதே சோதனைய அமெரிக்காலயே ஒமாஹால திரும்ப செஞ்சு 1990ல 'கிரிமினாலஜி'ங்கற ஜர்னல்ல போட்டாங்க, அரெஸ்டால பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல. மில்வாக்கீல இன்னும் மோசம், வேலை இல்லாதவங்கள அரெஸ்ட் பண்ணப்போ திரும்ப அடிக்கிறது கூடுச்சு. 1984 பேப்பரோட நின்னவங்களுக்கு இது தெரிஞ்சே இருக்காது.

ஜர்னல் எப்படிப்பட்டதுன்னும் பாருங்க. பியர் ரிவியூன்னா அதே துறை ஆளுங்க படிச்சு கேள்வி கேட்டு திருத்தி வாங்கியிருப்பாங்க, ஆனா டேட்டாவ அவங்க திரும்ப கணக்கு போட்டு பாக்குறது அபூர்வம். அமெரிக்க லா ரிவியூ (சட்ட ஜர்னல்) பலதுல எடிட்டரே லா ஸ்டூடண்ட்ஸ்தான், வாதத்துக்கு நல்லா உதவும், புள்ளிவிவரத்துக்கு ஜாக்கிரதை.

பணம் கட்டுன்னு பக்கம் மூடிடுச்சுன்னா விட்டுட்டு போகாதீங்க. குற்றவியல் பேப்பர் ஃப்ரீயா கிடைக்கிற கிரிம்ஆர்க்கைவ் (CrimRxiv) தளத்துல தேடுங்க, இல்லன்னா எழுதினவருக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க, நிறைய பேர் சந்தோஷமா பிடிஎஃப் அனுப்பிடுவாங்க.