ரோமப் பேரரசர் வாழ்க்கை வரலாறு: நூலைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் நூலாகக் கலிகுலாவை எடுக்காதீர்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பலர் செய்யும் தவறு இதுதான். கலிகுலா ஆண்டது கி.பி. 37 முதல் 41 வரை, நான்கு ஆண்டுகூட நிறையவில்லை. அந்தக் காலத்துக்கு நமக்கு மிகவும் தேவைப்படும் வரலாற்றாசிரியர் டாசிடஸ். அவருடைய ‘அன்னல்ஸ்’ நூலில் கலிகுலாவைப் பற்றிய பகுதி முழுவதுமே தொலைந்துவிட்டது. கலிகுலாவை நேரில் அறிந்து எழுதிய தத்துவஞானிகள் செனெகா, ஃபைலோ இருவருக்கும் அவர்மேல் கசப்பு இருந்தது. பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சூட்டோனியஸ் எழுதியது சுமார் 80 ஆண்டு கழித்து. வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியது இன்னும் நூறாண்டு தள்ளி. இவ்வளவு குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு தடித்த புத்தகம் எழுதுகிறவர், ஒன்று வதந்தியால் பக்கத்தை நிரப்புவார், இல்லையென்றால் ஒவ்வொரு வதந்தியையும் சல்லடை போட்டுச் சலிப்பார். சலிக்கிறவரின் நூல் அருமையானது. ஆனால் அதை ரசிக்க, சான்றுகளை எடைபோடும் பழக்கம் ஓரளவு முன்பே வேண்டும்.

ஆகவே பேரரசரின் புகழைப் பார்ப்பதற்கு முன், அவரைப் பற்றி என்ன ஆதாரம் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஆகஸ்டஸ் நல்ல தொடக்கம்: தன் சாதனைகளை அவரே எழுதிவைத்த அறிக்கை கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் கிடைக்கிறது. மார்க்கஸ் அரேலியசும் அவருடைய ஆசிரியர் ஃப்ரோன்டோவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் ஜூலியனுக்கு அவரே எழுதியவை உண்டு. அவர் படையில் பணியாற்றிய அம்மியானஸின் வரலாறும் உண்டு. டிராஜன் மாபெரும் பேரரசர்தான், ஆனால் பண்டைக்கால வாழ்க்கை வரலாறு ஒன்றுகூட அவருக்கு மிஞ்சவில்லை. சூட்டோனியஸ் தன் வரலாற்றை 96ஆம் ஆண்டோடு நிறுத்திவிடுகிறார். ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’ என்ற பண்டைய பேரரசர் வரலாற்றுத் தொகுப்பு 117ஆம் ஆண்டிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறது. டிராஜனின் ஆட்சி (98–117) இந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. அவரைப் பற்றிய நூலில் மனதைத் தொடும் அந்தரங்க உரையாடல்கள் நிறைய வந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்த தவறு, ‘மூல நூலையே படித்துவிடலாம்’ என்று சூட்டோனியஸின் ‘பன்னிரு சீசர்கள்’ நூலோடு உட்காருவது. கட்டாயம் படிக்க வேண்டிய நூல்தான், ஆனால் இரண்டாவதாக. அவர் ஆண்டு வரிசையில் எழுதுவதில்லை. குடும்பம், ஆட்சி, நற்செயல், தீச்செயல், உடல்தோற்றம் என்று தலைப்புவாரியாகப் பிரிக்கிறார். இருபது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு செயல்கள் பக்கத்து வரிகளில் வந்துவிடும். திபேரியஸைப் பற்றிப் படிக்கிறவர் மனத்தில், அவர் கடைசி ஆண்டுகளைக் கழித்த காப்ரி தீவின் ஆபாசக் கதைகள் மட்டும் தங்கிவிடுவது இதனால்தான். அதே திபேரியஸ் கஜானாவில் 270 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) விட்டுச்சென்றார் என்று சொல்வதும் சூட்டோனியஸ்தான், ஆனால் அதைக் கலிகுலாவின் வரலாற்றில் சொல்கிறார். கோவை வட்டாரப் புதையல்களில் கிடைக்கும் ரோம வெள்ளிக்காசுகளில் ஆகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே மிகுதி; நம் ஊர் மண்ணில் முகம் பதித்த அரசரைக் காப்ரி கதைகளோடு மட்டும் தெரிந்துவைத்திருப்பது பெரும் குறை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹிஸ்டோரியா அகஸ்டாவை ஆறு பேர் எழுதியதாக அந்த நூலே சொல்லிக்கொள்கிறது. ஒரே ஆள், நான்காம் நூற்றாண்டின் கடைசியில், வேண்டுமென்றே போட்ட வேடம் அது என்று ஜெர்மன் ஆய்வாளர் ஹெர்மன் டெஸ்ஸௌ 1889இல் வாதிட்டார். அதற்குமுன் எழுதப்பட்ட, மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர் எலகாபாலஸின் வரலாறுகள், விருந்தினர்களைப் பூக்குவியலில் மூச்சுத்திணற வைத்த கதையை நடந்ததாகவே எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கதை இந்தத் தொகுப்பிலிருந்துதான் வருகிறது.

கையிலிருக்கும் நூல் தேறுமா என்று பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். நீரோ என்றால் 64ஆம் ஆண்டுத் தீவிபத்துப் பக்கத்துக்குப் போங்கள். தீ மூண்டபோது நீரோ ரோமில் இல்லை, ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தார், திரும்பிவந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார், தானிய விலையைக் குறைத்தார் என்கிறார் டாசிடஸ். ரோம் எரியும்போது நீரோ பாடிய கதையை வதந்தியாக மட்டுமே குறிப்பிடுகிறார். சூட்டோனியசும் டியோவும் அதை நடந்ததாகவே எழுதுகிறார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லாத நூலைக் கீழே வைத்துவிடுங்கள். பிடில் வாசித்தார் என்றே எழுதியிருந்தால் இன்னும் வேகமாக வைத்துவிடுங்கள்; அந்தக் கருவியே அப்போது இல்லை.

கிளாடியஸுக்கு இதைவிட நல்ல சோதனை உண்டு. காலியா (இன்றைய பிரான்ஸ் வட்டாரம்) பகுதித் தலைவர்களை செனட்டில் சேர்க்கச் சொல்லி அவர் 48இல் ஆற்றிய உரை பொறித்த வெண்கலத் தகடு, லியோன் நகரில் 1528இல் கிடைத்தது. அதே உரையை டாசிடஸ் தன் நடையில் திருத்தமாக்கித் தந்திருக்கிறார். தகட்டில் கிளாடியஸ் கிளைக்கதைகளில் அலைகிறார், நடுவில் ‘பேச்சு எங்கே போகிறது என்று சொல்’ என்று தன்னையே அதட்டுகிறார். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியரை நம்பி வாங்கலாம். ஒரு மனிதரின் குரலை வரலாற்றாசிரியர் எப்படி மாற்றுகிறார் என்று இவ்வளவு தெளிவாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு பேரரசர்களிடம் அரிது.

மார்க்கஸ் அரேலியஸின் ‘தியானங்கள்’ வாழ்க்கை வரலாறு அல்ல. போரையும் கொள்ளைநோயையும் அவர் எப்படிக் கையாண்டார் என்று அதில் தேடினால் ஏமாற்றமே. பேரரசரே ‘நான்’ என்று கதை சொல்லும் நூல்கள் பெரும்பாலும் நாவல்கள். கடைகளில் வரலாற்று அடுக்கிலேயே கிடக்கும். கான்ஸ்டன்டைனுக்கு அவர் காலத்துக் கிறிஸ்தவ ஆயர் யூசிபியஸ் எழுதிய வரலாறு புகழுரை: 326இல் மகன் கிறிஸ்பஸ் கொல்லப்பட்டது அதில் இடம்பெறவே இல்லை.

கடைசியாகப் பின்பக்கங்களைப் பாருங்கள். முதல் ஐந்து பேரரசர்களுக்கு வம்சாவளிப் படம் இல்லாத நூல் உதவாது: ஒரே பெயரில் இரண்டு அக்ரிப்பினாக்கள், பல ட்ரூசஸ்கள், போதாததற்குத் தத்தெடுப்புகள். மின்னூல் என்றால் அந்தப் படம் கைபேசியில் எழுத்துத் தெரியும் அளவுக்குப் பெரிதாகிறதா என்று மாதிரிப் பக்கங்களிலேயே பார்த்துவிடுங்கள். பொருளடைவில் கலிகுலாவைக் காணவில்லை என்றால் ‘கையஸ்’ என்ற பெயரில் தேடுங்கள்; ஆய்வாளர்கள் பலர் அவரை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள்.