ஊட்டி, கோத்தகிரி பக்கம் சின்ன மலை ஏறப் போறீங்களா? வெதர இப்படி பாருங்க

கேர்ன் ஹில், லாங்வுட் சோலை, ரங்கசாமி மலை மாதிரி அரை நாள்ல போயிட்டு வர்ற எடத்துக்கெல்லாம் யாரு உக்காந்து வெதர் பாக்குறா, போன்ல ஊட்டினு தட்டுவோம், ஒரு மேகம் படம் காட்டும், ஜெர்கின் எடுத்துக்கிட்டு கெளம்பிடுவோம். சிக்கலே அந்த "ஊட்டினு தட்டுறது"ல தான் இருக்கு. நீலகிரில ஒரே நாள்ல ஒரு பக்கம் கொட்டும், இன்னொரு பக்கம் கொடில துணி காயும்.

அதனால மொதல்ல பாக்க வேண்டியது ஆப் இல்ல, உங்க மலை எந்தப் பக்கம் இருக்கு, இது என்ன மாசம், அவ்ளோதான். ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் வெளுத்து வாங்கும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செ.மீ. பேஞ்சது ஞாபகம் இருக்கும், அதே சீசன்ல கோத்தகிரில பல நாள் வெறும் சாரலும் காத்தும் தான். அக்டோபர் வந்தா அப்படியே தலைகீழ், வடகிழக்குக் காத்து குன்னூர், கோத்தகிரி சரிவுல வந்து மோதும், 2009 நவம்பர் மண்சரிவெல்லாம் அந்த மழைல நடந்தது தான். ஏப்ரல், மே கோடை மழை வேற ரகம்: காலைல பளிச்சுனு இருக்கும், பதினோரு மணிக்கு மேல மேகம் காலிஃபிளவர் மாதிரி மேல மேல கட்டும், ரெண்டு மூணு மணிக்கு இடியோட எறங்கும். அந்த மாசத்துல ஆறரைக்கு ஏற ஆரம்பிச்சு பன்னெண்டுக்குள்ள கீழ வந்துடுங்க.

வானிலை மையம் குடுக்குற மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் மாவட்டம் முழுசுக்கும் சேத்து வர்றது. மஞ்சள்னா எந்தப் பக்கம்னு யோசிச்சு முடிவு பண்ணலாம், ஆரஞ்சு வந்துட்டா ஆராய்ச்சியே வேணாம், வேற நாள் போங்க. அலர்ட்ட விட நான் மதிக்கிறது, காலை எட்டரை வரைக்கும் முந்தின 24 மணி நேரத்துல எங்கெங்க எவ்ளோ பேஞ்சதுனு ஊர் ஊரா போடுற மழை லிஸ்ட் தான். உங்க மலைக்குப் பக்கத்து ஊர்ல 3, 4 செ.மீ.னு இருந்தா இன்னைக்கு வெயில் அடிச்சாலும் பாதை வழுக்கும், சோலைக்குள்ள அட்டை ஏறும்.

விண்டி மாதிரி வெதர் ஆப்ல ஐரோப்பிய மாடல்னு ஒரு கம்ப்யூட்டர் கணிப்பு இருக்கு, அது ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்னு போட்டுப் பாக்குது, நம்ம ஊர்ல 9 கிலோமீட்டருக்குள்ள ஒரு முகடு, ரெண்டு பள்ளம், நாலு எஸ்டேட் வந்துடும். அதனால மழை எத்தனை மணிக்குனு அது சொல்றத அப்படியே நம்பாதீங்க, காத்து எந்தத் திசைனு பாக்க நல்லா உதவும். இன்னொன்னு, டெம்பரேச்சருக்குப் பக்கத்துல டியூ பாயின்ட்னு ஒன்னு காட்டும், காத்து எத்தனை டிகிரிக்கு குளிர்ந்தா அதுல இருக்குற ஈரம் துளியா மாறும்ங்கறது தான் அது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த 125ஆல பெருக்குனா மேகம் உங்க தலைக்கு மேல எத்தனை மீட்டர்ல நிக்கும்னு தோராயமா வரும். 16 டிகிரி, டியூ பாயின்ட் 14னா 250 மீட்டர். உச்சி நீங்க நிக்கிற எடத்துல இருந்து 300 மீட்டர் மேல இருந்தா அங்க போய் வெள்ளைய தான் பாத்துட்டு வரணும்.

வியூ போனா போகட்டும், மிஸ்ட்ல பத்தடி முன்னாடி காட்டு மாடு நின்னா கூட தெரியாது, கோத்தகிரி குன்னூர் பக்கம் இருக்குறவங்க மழைய விட அதுக்குத்தான் பயப்படுவாங்க.

கெளம்புற அன்னைக்கு காலைல அடிவாரத்துல தெரிஞ்ச டீக்கடைக்கோ ஹோம்ஸ்டேவுக்கோ ஒரு போன் போடுங்க. "வெதர் எப்படிண்ணே"னு கேட்டா "நல்லா இருக்கு வாங்க"னு தான் சொல்வாங்க, வியாபாரம் இல்லையா. "அண்ணே, கடை வாசல்ல நின்னா முகடு தெரியுதா, இப்போ காத்து எந்தப் பக்கத்துலருந்து வருது, நேத்து எத்தனை மணிக்கு மிஸ்ட் மூடுச்சு"னு கேளுங்க. மூணாவது கேள்விக்கு வர்ற பதில் தான் தங்கம், ஏன்னா செட்டான வெதர்ல நேத்து மூடின நேரத்துக்கே இன்னைக்கும் மூட வாய்ப்பு அதிகம்.

இடிக்கு தாமினி ஆப் இருக்கு, புனேல இருக்குற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் போட்டது. மேல சிக்னல் இல்லேனா எண்ணுங்க, மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர், முப்பது செகண்டுக்குள்ள சத்தம் வந்துட்டா முகட்ட விட்டு எறங்குங்க, தனியா நிக்கிற கற்பூர மரத்துக்கு அடில ஒதுங்காதீங்க.

மழையே இல்லாத பிப்ரவரி, மார்ச் தான் சேஃப்னு நெனைக்கிறவங்க 2018 மார்ச்ல தேனி குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீல சிக்குனத மறந்தவங்க. காஞ்ச புல்லும் வேகமான காத்தும் சேந்தா தீ உங்கள விட வேகமா மேல ஏறும், வனத்துறை அந்த சீசன்ல பாதைய மூடுறது அதுக்குத்தான், மூடியிருந்தா குறுக்கு வழி தேடாதீங்க.

டிசம்பர், ஜனவரில தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும், வானம் தெளிவா காத்தில்லாத ராத்திரிக்கு அடுத்த காலைல கண்டிப்பா எதிர்பாருங்க, பள்ளத்துல புல்லு மேல வெள்ளையா இருக்குற வரைக்கும் ஷூ நிக்காது, எட்டு மணி வெயில் பட்டதுக்கப்புறம் நடக்க ஆரம்பிங்க.