சோடா கம்பெனியில் கரண்ட், தண்ணீர் வீணாவதைக் குறைப்பது எப்படி?

பன்னீர் சோடா, ஜிஞ்சர், கோலி சோடா போடுகிற சின்ன கம்பெனிக்காரர்கள், கரண்ட் பில் எகிறினால் உடனே சோலார் பேனல் விலைதான் விசாரிக்கிறார்கள். அது அப்புறம். முதலில் ஒரு நோட்டு வாங்கி, காலையிலும் மாலையிலும் ஈபி மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் குறித்து, அன்றைக்கு லோடு ஏறிய கிரேட் எத்தனை என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கிரேட்டுக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர்? எந்த நாளில் கணக்கு ஏறுகிறதோ அன்றைக்கு என்ன நடந்தது என்று பிடித்துவிடலாம்.

அடுத்து, ஃபில்லிங் மெஷின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். நுரை பொங்கித் தரையில் வழிகிறதா? வழிவது வெறும் நுரை இல்லை. ஆர்ஓவில் சுத்தம் செய்து, சில்லரில் குளிர வைத்து, சர்க்கரையும் கேஸும் சேர்த்த தண்ணீர் அது, அத்தனை செலவும் செய்த பிறகு சாக்கடைக்குப் போகிறது. பெரும்பாலும் தண்ணீர் போதுமான அளவு குளிராததுதான் காரணம். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் 0.7 லிட்டர்கூடத் தாங்காது. சில்லரிலிருந்து வரும் பைப்புக்கு உறை போடாமல் விட்டால் நம் ஊர் வெயிலில் வழியிலேயே சூடேறிவிடும், சோடாவில் காரம் இல்லையே என்று கேஸ் அழுத்தத்தைக் கூட்டுவார்கள், நுரை இன்னும் பொங்கும். பைப்புக்கு உறை போடுங்கள், சில்லரின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரில் படிந்த தூசியைத் தட்டுங்கள். கழுவிய சூட்டோடு வரும் பாட்டிலும் நுரை தள்ளும், ஆறவிட்டு நிரப்புங்கள். அதற்காகத் தேவைக்கு மேல் குளிர வைக்கவும் வேண்டாம். சில்லரை ஒரு டிகிரி உயர்த்தி ஓட்ட முடிந்தாலே அதன் கரண்டில் சுமார் 3 சதவீதம் மிச்சம்.

மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் ஏர் கம்ப்ரசர் இருந்தால், வேலை முடிந்து எல்லா மெஷினும் நின்றபிறகு அதை மட்டும் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும் மூட்டில் சோப்பு நுரையைத் தடவினால் குமிழ் விடும். யாருமே வேலை செய்யாத நேரத்திலும் அது அடிக்கடி ஓடி ஓடி நின்றால், காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். அழுத்தத்தை 1 பார் குறைத்தாலே 6 முதல் 10 சதவீதம் கரண்ட் குறையும்.

பாட்டில் கழுவுகிற இடத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர், அந்தத் தண்ணீரே முதல் அலசலுக்கு. பாட்டில் அழுக்கை எடுக்கும் காஸ்டிக் சோடா கரைசல் தொட்டிக்கு மூடி போடுங்கள், லேபிள் காகிதத்தை வலையால் அள்ளுங்கள், கரைசல் பல நாள் தாங்கும். ஆர்ஓ கழித்துத் தள்ளும் உப்பு கூடிய ரிஜெக்ட் தண்ணீர் தரை கழுவ, கழிப்பறைக்கு ஆகும். சில்லரின் சூட்டை ஆற்றும் கூலிங் டவர் இருந்தால் அதில் மட்டும் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து சில்லர் திணறும்.

சிரப் மாற்றும்போது வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். பன்னீர், ஆரஞ்சு, கடைசியில் திராட்சை என்று வரிசை வைத்தால் நடுவில் லேசாக அலசினால் போதும்.

கண்ணாடி பாட்டிலில் லாபமே அது திரும்பி வருவதில்தான் இருக்கிறது. லைனுக்குப் போகும் வண்டிக்காரரிடம் கடைவாரியாகக் காலி பாட்டில் கணக்கு எழுதச் சொல்லுங்கள், எந்தக் கடையில் பாட்டில் தங்குகிறது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.