காற்றுத் தடத்தைப் பொருத்தி மட்டம் பார்ப்பது எப்படி?

எயர் ட்ராக் எனப்படும் காற்றுத் தடம், சறுக்கி எனும் நகரும் பகுதியை மெல்லிய காற்றுப் படையின் மீது மிதக்கவிட்டு, உராய்வை ஏறத்தாழ இல்லாமற் செய்யும் கருவியாகும். உராய்வு நீங்கியதும் மிகச் சிறிய சரிவும் வெளிப்பட்டுவிடும். 2 மீற்றர் நீளமான தடத்தின் ஒரு முனை 1 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தாலே, ஓய்விலிருந்து விடப்படும் சறுக்கி 10 செக்கனில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் தானாக நகர்ந்துவிடும்.

முதலில் ஆடாத, கனமான மேசையொன்றில் தடத்தை வையுங்கள். தடத்தின் துளைகளுக்குக் காற்றைச் செலுத்தும் காற்றூதியைத் தரையில் வைத்தால் அதன் அதிர்வு தடத்தை எட்டாது. திருகோணமலையில் கடலோரத்து ஆய்வுகூடங்களில் உப்பு ஈரத்தோடு நுண்மணலும் துளைகளில் படிந்துவிடும் என்பதால், பஞ்சுபோன்ற துணியில் சிறிது மதுசாரம் தொட்டுத் தடத்தைத் துடைத்து, அடைபட்ட துளைகளை மெல்லிய கம்பியால் திறந்துவிடுங்கள். காற்று வராத வேளையில் சறுக்கியைத் தடத்தின் மீது ஒருபோதும் இழுக்க வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் அது நிரந்தரமாகிவிடும்.

மின்விசிறியை நிறுத்தி, யன்னல்களைச் சாத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது மிக முக்கியம். திறந்த யன்னலால் வரும் காற்று சறுக்கியைத் தள்ளுவதும் தடத்தின் சரிவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இப்போது மதுசார மட்டத்தை (குமிழியின் நிலையால் சரிவைக் காட்டும் கருவி) குறுக்காக வைத்து, இரட்டைக் கால்கள் உள்ள முனையின் திருகாணிகளால் பக்கச் சரிவை நீக்குங்கள். பின்னர் அதை நெடுக்காக வைத்து, ஒற்றைக் காலைத் திருகுங்கள். குமிழி நடுவில் நின்றதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். சாதாரண மட்டத்தின் குமிழி மேற்சொன்ன 1 மில்லிமீற்றர் சரிவைக் காட்டாமலே விட்டுவிடலாம். ஆகவே காற்றூதியை இயக்கி, அது சீரான வேகத்தை அடைந்தபின் சறுக்கியைத் தடத்தின் நடுவிலும் இரு முனைகளுக்கு அருகிலும் தள்ளாமல் விட்டுப் பாருங்கள். இரு பக்கங்களிலிருந்தும் அது நடுவை நோக்கி வந்தால், தடம் நடுவில் தொய்ந்துள்ளது. அதைக் கால்களைத் திருகிச் சரிசெய்ய முடியாது, இடையில் ஒரு தாங்கி தேவை. சறுக்கியைத் திருப்பி வைத்ததும் நகரும் திசை மாறினால், குறை தடத்தில் அல்ல, சறுக்கியில்தான்.

இறுதிச் சோதனை ஒளிவாயில்களால் (ஒளிக்கற்றை மறைக்கப்படும் நேரத்தை அளக்கும் கருவிகள்) செய்யப்பட வேண்டும், இதைத் தவிர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு வாயில்களை 1 மீற்றர் இடைவெளியில் நிறுத்தி, 10 சென்ரிமீற்றர் அகலமான அட்டையைச் சறுக்கியில் பொருத்தி, இரு திசைகளிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் தள்ளுங்கள். இடமிருந்து வலமாகச் செல்கையில் அட்டை வாயிலைக் கடக்கும் நேரம் முதல் வாயிலில் 0.200 செக்கனிலிருந்து இரண்டாவதில் 0.206 ஆகக் கூடி, வலமிருந்து இடமாக வருகையில் 0.200 இலிருந்து 0.198 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் உயர்ந்துள்ளது. காற்றின் தடையால் இரு திசைகளிலும் 0.002 செக்கன் கூடுகிறது; மீதி 0.004 சரிவினால் வருவது. எனவே நேரம் மாறாத நிலையைத் தேட வேண்டாம். இரு திசைகளிலும் ஒரே அளவாகக் கூடும் நிலையே மட்டம். அந்த நிலையில் காலை அசையாமல் பிடிக்கும் பூட்டுச்சுரையை இறுக்கி, மறுபடியும் ஒருமுறை அளந்து பாருங்கள், ஏனெனில் இறுக்கும்போதே கால் சற்று நகரக்கூடும்.

மட்டம் சரியானதும் சாய்தளப் பரிசோதனைக்கு ஒற்றைக் காலின் கீழ் 1 சென்ரிமீற்றர் கட்டையை வைக்கலாம். கால்களுக்கிடையிலான தூரம் 1.5 மீற்றர் எனில், ஆர்முடுகல் ஏறக்குறைய 0.065 மீற்றர்/செக்கன்² ஆக வர வேண்டும்.