பாய்மரப் படகில் பங்கோர்: ஒரு பழைய ஃபெரிக்காரன் சொல்லும் வழி

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் இருக்கும் மூன்று கிலோமீட்டர் கடலில் 27 வருஷம் ஃபெரியின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். ஓடிய தூரத்தைக் கூட்டினால் பூமியை நாலைந்து முறை சுற்றியிருப்பேன். போய்ச் சேர்ந்ததோ அந்த இரண்டு ஜெட்டி மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகு, பினாங்கின் பத்து உபான் பக்கம் படகு வைத்திருந்த ஒரு சீனத் தௌக்கேயின் (முதலாளியின்) டீசல் என்ஜினைச் சரி பண்ணிக் கொடுத்தேன். "கூலி வேண்டாம், ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்" என்றேன். 31 அடிப் பாய்மரப் படகில், பேராக் கரையை ஒட்டிய பங்கோர் தீவுக்குப் போனது அப்படித்தான். இதுவரை பதினொரு தடவை போய் வந்தாயிற்று.

போன வாரம் அக்கா மகன் வந்து, "மாமா, கூட்டாளிங்க சேர்ந்து ஒரு போட் வாங்கியிருக்கோம். பங்கோருக்கு எப்படிப் போறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது. பாய் ஏற்றி இறக்கத் தெரிந்து, ஆனால் ஒரு மீன்பிடி ஊருக்குள் படகோடு நுழைந்து பழக்கமில்லாதவர்களுக்கு உதவும். பாயே கட்டத் தெரியாது என்றால் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

எப்போது போவது? தைப்பூசம் முடிந்து, பினாங்கு தண்ணீர்மலைக் கோவிலில் கூட்டம் கலைந்த பிறகு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வாடைக் காற்றுக் காலம், அதாவது வடகிழக்குக் காற்று. தீபகற்பத்தின் மலைகள் அந்தக் காற்றைத் தடுத்துவிடுவதால் நம் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும். ராத்திரியில் கரையிலிருந்து காற்று வரும், மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து. தெற்கே போகிற படகுக்கு இரண்டுமே பக்கவாட்டுக் காற்று, அதாவது ஓட்டுவதற்குச் சுகமான காற்று.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காலம், அதாவது தென்மேற்குக் காற்று. அப்போதும் போகிறவர்கள் உண்டு, நான் போக மாட்டேன். காரணம் 'சுமத்ரா' என்று எல்லோரும் சொல்கிற அந்தத் திடீர்ப் புயற்காற்று. பெரும்பாலும் விடிவதற்கு முன்னால்தான் வரும். மேற்கே வானத்தின் அடியில் சட்டிக்கு மூடி போட்டதுபோல் ஒரு கறுப்பு வரி தெரியும். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அதற்குள் போகும். அப்புறம் புழுக்கம் சட்டென்று போய், கன்னத்தில் குளிர்காற்று படும். அந்தக் குளிர் பட்ட பிறகு பாயை இறக்க நினைத்தால் நேரம் போதாது. கறுப்பு வரியைப் பார்த்ததுமே இறக்கிவிட வேண்டும். 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தில் அடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் ஓய்ந்துவிடும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எந்த விடியற்காலையிலும் இதை எதிர்பார்க்கலாம்.

நம் ஆட்கள் பலர் மறந்துபோகிற ஒன்று உண்டு. பங்கோரில் கடலைப் பார்த்தபடி பத்ரகாளியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே மாசி மகம் விசேஷம் என்பதால் அந்த நாளுக்குப் போய்ச் சேர ஆசைப்படுவார்கள். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வரும். பௌர்ணமி என்றால் தண்ணீர் மிக அதிகமாக ஏறி மிக அதிகமாக வற்றுகிற நாள். நீரோட்டமும் அன்றைக்குத்தான் முரட்டுத்தனமாக இருக்கும். போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஓத அட்டவணை பார்க்காமல் போகாதீர்கள். மலேசியக் கடற்படையின் நீரளவியல் மையம் வருஷா வருஷம் அதை வெளியிடுகிறது. வானிலைக்கு, மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியா. புறப்படுகிற நாளின் ஏற்ற, வற்ற நேரங்களை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, சுக்கான் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஃபோனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தூரம் சுமார் 65 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் 13 மணி நேரம். ஒரு பகலுக்குள் அடங்காது, ஆகவே ராத்திரிப் பயணம்தான். நாங்கள் பத்து உபானிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்புவோம். ஜெரஜாக் தீவைத் தாண்டி, பினாங்கின் இரண்டாவது பாலத்துக்கு அடியில் போக வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் எல்லோருமே அங்கே தலையைக் குனிவார்கள்! எங்கள் பாய்மர உச்சி தண்ணீரிலிருந்து 14 மீட்டர்தான், பாலத்தின் நடுப்பகுதியில் அதைப்போல இரண்டு மடங்கு இடம் இருக்கிறது. ஆனாலும் அண்ணாந்து பார்க்கும்போது இடிக்கப் போவதுபோலத்தான் தெரியும். இருட்டுவதற்குள் ரிமாவ் தீவின் கலங்கரை விளக்கம் பின்னால் போய்விட வேண்டும்.

அதற்கப்புறம் பங்கோருக்கு நேராகக் கோடு போடாதீர்கள். கோலகூலா, மாத்தாங் பக்கம் அலையாத்திக் காடும் சேற்றுத் திட்டும் கடலுக்குள் வெகுதூரம் நீண்டிருக்கின்றன. கரையிலிருந்து எட்டுப் பத்து கடல் மைல் தள்ளியே போங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

ராத்திரியில் உங்கள் பிரச்சினை கப்பல் அல்ல, வலை. மிதவை வலையின் முனைகளில் மூங்கில் கழியும் கொடியும் இருக்கும். சிலர் மினுக்கு விளக்கு கட்டுவார்கள், சிலர் கட்ட மாட்டார்கள். கடலில் ஒரு விளக்கு தனியாக மினுங்கினால் அதற்கு இணையாக இன்னொன்று எங்கே என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். பச்சையாகப் பெரிய வெளிச்சம் தெரிந்தால் சோத்தோங் (கணவாய்) பிடிக்கிற படகு. அதைச் சுற்றிப் போங்கள்.

மூன்றாவது பயணத்தில் நான் காவலிருந்த நேரத்தில்தான் மாட்டினோம். காற்று விழுந்துவிட்டது, என்ஜினில் போய்க்கொண்டிருந்தோம். சத்தம் கொஞ்சம் கனத்தது. என்ஜின்காரனுக்குக் காதுதான் முக்கியம். அந்த மாற்றத்தைக் கேட்டதுமே நிறுத்தியிருக்க வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பத்து வினாடி. அதற்குள் வலை சுழலியில் பம்பரக் கயிறுபோல் இறுகிவிட்டது. என்ஜின் நின்றுபோனது. விடிகிற வரை மிதந்து கிடந்து, வெளிச்சம் வந்ததும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். கூர்மையான கத்தி நைலானில் வழுக்கியது. ரொட்டி வெட்டுகிற பல் கத்திதான் அறுத்தது. நாற்பது நிமிஷம் பிடித்தது. கை முழுக்கச் சிப்பிக் கீறல். அந்த வலைக்காரர் தேடி வந்தபோது அவர் கேட்ட பணத்தைக் கொடுத்தோம், அது நியாயம்தான். ஆகவே படகில் ஒரு பல் கத்தி, நீச்சல் கண்ணாடி, கையுறை கண்டிப்பாக இருக்கட்டும். சத்தம் மாறினால் முதலில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், யோசனையெல்லாம் அப்புறம்.

சரி, பங்கோர் மலை தெரிகிறது. மணி ஆறரை, இன்னும் இருட்டு. உள்ளே போகலாமா? கூடாது. நம் ஊரில் அந்த மாதங்களில் ஏழே காலுக்கு மேல்தான் நன்றாக வெளுக்கும். அதுவரை வெளியே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருங்கள். வெளுத்த பிறகும் உடனே நுழையாமல், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான நீரிணையின் வாயிலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அந்தக் கால் மணி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மீன் படகுகள் எந்தத் தடத்தில் வருகின்றன, எங்கே திரும்புகின்றன, பெருநிலத்து லூமூட்டிலிருந்து வரும் ஃபெரி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது எல்லாம் கண்ணெதிரே தெரியும். வரைபடத்தில் இல்லாத சாலை அது. ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர்கள், மீன் கெடுவதற்குள் ஜெட்டிக்குப் போக வேண்டும் என்று முழு வேகத்தில் வருவார்கள். பாயில் போகிற படகுக்கு வழிவிட வேண்டும் என்று சட்டப்புத்தகம் பேசிக்கொண்டு அவர்கள் குறுக்கே நிற்காதீர்கள். நீங்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்.

நீரிணைக்குள் பாயை இறக்கிவிட்டு என்ஜினில் போவதே நல்லது. நுழைவது தண்ணீர் ஏறுகிற நேரமாக இருக்கட்டும். அப்போது சேற்றில் தட்டினாலும் சிறிது நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றுகிற நேரத்தில் தட்டினால் ஆறு மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான், ஜெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கையாட்டுவார்கள்.

நங்கூரத்துக்கு ஜெட்டிகளின் முன்னால் இடம் தேடாதீர்கள். நீங்கள் பார்த்து வைத்த தடத்துக்கு வெளியே, அடி சேறாக உள்ள இடத்தில் போடுங்கள். சங்கிலிக் கணக்கு இப்படி. வற்றத்தில் ஆழம் 4 மீட்டர், தண்ணீர் ஏறப்போவது இரண்டரை மீட்டர், படகின் அணியம் (முன்முனை) தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். மொத்தம் ஏழரை. அதை ஐந்தால் பெருக்கினால் முப்பத்தேழரை. நாற்பது மீட்டர் விடுங்கள். நங்கூரம் தரையைத் தொட்டதும் மொத்தச் சங்கிலியையும் அதன் தலையில் குவிக்கக் கூடாது. படகைப் பின்னால் மெதுவாக நகரவிட்டு, நீளவாக்கில் படுக்கவைக்க வேண்டும். அப்புறம் என்ஜினை ரிவர்ஸில் போட்டு, உள்ளங்கையைச் சங்கிலிமேல் வையுங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அமைதியாக இருக்கும். இழுபட்டுக்கொண்டிருந்தால் கையில் கரகரவென்று ஒரு அதிர்வு வரும், பழைய ஃபெரி தரை அதிர்வதுபோல. கை சொல்வதை நம்புங்கள். ராத்திரியில் உச்சி விளக்கு எரிய வேண்டும்.

ஆட்டமே ஆகாது என்பவர்கள் பெருநிலப் பக்கம் மெரினா ஐலண்டில் படகைக் கட்டிவிட்டு அங்கிருந்து ஃபெரியில் வரலாம். வாடைக் காலத்தில் தீவின் மேற்கே தெலுக் நிப்பா பக்கமும் அமைதியாக இருக்கும், இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வந்து உட்காரும். எனக்கு நகரப் பக்கம்தான் பிடிக்கும். பங்கோர் லாவுட் தனியார் விடுதித் தீவு, அங்கே இறங்க நினைக்காதீர்கள்.

சின்னப் படகில் கரைக்குப் போகும்போது, கட்டுவதற்கு முன்னால் ஜெட்டியில் இருப்பவரிடம் கேளுங்கள்: "போலே இக்காட் சினி, பாங்?" (இங்கே கட்டலாமா, அண்ணே?) இந்த நாலு மலாய்ச் சொல்லுக்கு மறுப்பு கிடைத்து நான் பார்த்ததில்லை. ஃபெரி வந்து நிற்கிற படியில் மட்டும் கட்டாதீர்கள். கயிற்றை நீளமாக விடுங்கள். குட்டையாகக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பும்போது படகு தூக்கில் தொங்கும். மீன் இறக்குகிறவர்களிடம் டீசல் கேட்கவே கேட்காதீர்கள். அவர்களுடையது மானிய டீசல், அதை உங்களுக்கு விற்றால் அவர்கள்மேல் வழக்கு வரும். கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் போங்கள்.

படகில் வெளிநாட்டுக் கொடி பறந்தால் துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றுக்கும் பினாங்கிலேயே காகிதம் முடித்துக்கொண்டு, அந்தப் பக்கமும் போய்ப் பதிய வேண்டும். ஆபத்து என்றால் வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆவது அலைவரிசை, இல்லையென்றால் 999.

ஊருக்குள் நடந்தே சுற்றலாம், இல்லாவிட்டால் அந்த ரோஸ் நிற வேன் டாக்சி. தெலுக் கெடுங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயம் சேர்த்துவைக்கக் கட்டிய கோட்டையின் சுவர் நிற்கிறது. 1874 ஜனவரி 20-இல் பேராக் அரசியலையே மாற்றிய பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இங்கேதான், அதுவும் கரையில் அல்ல, நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலில். அதன் பிறகு 1935 வரை இந்தத் தீவும் நம் பினாங்கோடு ஒரே நீரிணைக் குடியேற்ற (பிரிட்டிஷ்) ஆட்சியில் இருந்தது. கோவிலுக்குப் போக வேண்டுமென்றால் உப்பு வேட்டியைப் படகிலேயே மாற்றிவிட்டுப் போங்கள்.

திரும்பும் வழியில் வாடை எதிர்க்காற்று. ராத்திரி கரைக்காற்று கொஞ்சம் கைகொடுக்கும், மற்றபடி பாதிக்கு மேல் என்ஜின்தான். டீசல் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். நங்கூரத்தைத் தூக்கும்போது சங்கிலிச் சேற்றை வாளித் தண்ணீரால் முழம் முழமாகக் கழுவி உள்ளே விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே படகு நாறும்.

பங்கோர் நெத்திலி வாங்காமல் வராதீர்கள். முதல் பயணத்தில் வீட்டுக்காரிக்காக இரண்டு கிலோ வாங்கி, இடமில்லை என்று டீசல் கேனுக்குப் பக்கத்தில் சொருகி வைத்தேன். சம்பல் கொதிக்கிறபோதுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் நான் தூங்குகிற பலகைக்கு மேலே, வலைப்பையில் தொங்கவிட்டுக் கொண்டு வருகிறேன்.