பித்தப்பை அறுவைக்குப் பின் தோளில் வந்த வலி

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை நீக்கிய பின் மயக்கம் தெளிந்தபோது, வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் குத்தியது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால், நரம்பு வழியாகத் தோளில் வலி தெரிகிறது என்று செவிலியர் விளக்கிய பிறகே அச்சம் தணிந்தது.

வலியைப் பொறுத்துக்கொள்வதே வீரம் என்றெண்ணி முதல் இரவு மாத்திரையைத் தள்ளிப்போட்டேன். அது என் முட்டாள்தனம். விடியற்காலை 3 மணிக்கு இருமியபோது தையல் பிய்ந்துவிடும்போலிருந்தது. மறுநாள் முதல், மருத்துவர் எழுதித் தந்தபடி 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமாலை வலி ஏறுமுன்பே விழுங்கினேன். இருமும்போதெல்லாம் மடித்த போர்வையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்தேன். தாழ்வாரத்தில் மெல்ல நடந்து பழகியதில், மூன்றாம் நாள் தோள்வலி விட்டது.