பலகையின் தடிமனைப் பிளக்க ஒரு நல்ல ஃபென்ஸ்

நான் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் செய்கிறேன். ஒரே பலகையின் தடிமனைப் பிளந்து இரண்டு ஏடாக்கி, புத்தகத்தை விரிப்பது போல விரித்து ஒட்டினால், மூடியில் ரேகைகள் கண்ணாடிக்குள் தெரிவது போல இரண்டு பக்கமும் ஒன்றாக அமையும். அதற்காகத்தான், இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பிளேடால் அறுக்கும் பேண்ட்சா வாங்கினேன். முதலில் பிளந்தது ஒரு பழைய கதவிலிருந்து எடுத்த தேக்கு. அகலம் 150 மில்லிமீட்டர், தடிமன் 25. அறுத்து முடித்து வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஏட்டின் கீழ் விளிம்பு 13, மேல் விளிம்பு 9. இழைத்துச் சமமாக்கியபோது 8 மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. அந்த ரேகை இன்னொரு பலகையில் கிடைக்காது. அது இன்றும் மனதில் உறுத்துகிறது.

பிளேடு புதியது, இயந்திரத்திலும் குறை இல்லை. கூட வந்த ஃபென்ஸ், அதாவது பலகையை நேராக நடத்த மேஜையின் மேல் நிற்கும் சுவர், 60 மில்லிமீட்டர் உயரம்தான். பலகையின் பாதிக்கு மேல் எந்தத் தாங்கலும் இல்லாமல் நின்றது. நான் தள்ளத் தள்ள பலகை தலையை மெல்லச் சாய்த்துக்கொண்டே போயிருக்கிறது. அப்புறம் நானே ஒரு ஃபென்ஸ் செய்தேன், அதைத் திருத்தி இன்னொன்றும் செய்தேன். இரண்டாவதுதான் இன்றும் வேலை செய்கிறது.

முதலில் ஒரு விஷயம். ஃபென்ஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை மேஜையில் வைத்து ஃபென்ஸோடு ஒட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் ஏட்டின் தடிமனைத் தீர்மானிப்பது பிளேடுக்கும் ஃபென்ஸின் முகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. அது கீழே எவ்வளவோ மேலேயும் அவ்வளவே இருந்தால் போதும். மேஜை அரை டிகிரி சாய்ந்திருந்தாலும், பலகை ஃபென்ஸின் முகத்தோடு முழுதாக ஒட்டிப் போனால் ஏடு சமமாகவே வரும். ஃபென்ஸ் மேஜைக்குச் செங்குத்தாகவும் பிளேடு சற்றுச் சாய்வாகவும் இருந்தால் ஆப்பு மாதிரி ஏடு வரும். ஆகவே மேஜையைப் பிளேடுக்குச் செங்குத்தாக வைத்துவிட்டு, ஃபென்ஸைப் பிளேடோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். உயரமும் விறைப்பும் வேண்டும் என்பதெல்லாம் இந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான்.

ஃபென்ஸுக்கு முன்னால் பிளேடு

மழுங்கிய பிளேடை எந்த ஃபென்ஸாலும் காப்பாற்ற முடியாது. சக்கரம் 14 அங்குலம் உள்ள இயந்திரத்தில் நான் பிளக்கப் போடுவது அரை அங்குல அகலமும் அங்குலத்துக்கு 3 பற்களும் உள்ள பிளேடு. பற்கள் குறைவாக இருந்தால்தான் பல்லுக்குப் பல் நடுவே குழி பெரிதாக இருக்கும். 150 மில்லிமீட்டர் மரத்துக்குள் ஒரு பல் நுழைந்து வெளியேறும் வரை அறுத்த தூள் முழுவதையும் அந்தக் குழிதான் சுமக்க வேண்டும். குழி நிரம்பிவிட்டால் பிளேடு மரத்துக்குள்ளேயே வில்லாக வளையும். ஏட்டின் நடுப்பகுதி ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் வரும். பலர் இதற்கு ஃபென்ஸைத் திட்டுகிறார்கள். மழுங்கிய பிளேடு, பிளேடைப் போதிய அளவு இறுக்காதது, அவசரமாகத் தள்ளுவது, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது பிளேடு ஒரு பக்கமாக இழுப்பது. ஃபென்ஸ் நேராகத்தான் இருக்கும், ஆனால் அறுப்பு ஃபென்ஸை விட்டு விலகியோ அதை நோக்கியோ போகும். பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி வளைத்து விடப்பட்டவை. ஒரு பக்கத்துப் பற்கள் ஆணியில் பட்டு மழுங்கினால் கூர் உள்ள பக்கமாகப் பிளேடு ஓடும். பிளேடு சக்கரத்தின் மேல் உட்காரும் இடமும் ஒரு காரணம். பெரும்பாலான 14 அங்குல இயந்திரங்களில் சக்கரத்தின் ரப்பர் பட்டை நடுவில் சற்று மேடாக இருக்கும். அந்த மேட்டுக்கு முன்னால் ஏறிய பிளேடு ஒரு கோணத்திலும், பின்னால் ஏறியது வேறு கோணத்திலும் திரும்பி நிற்கும். மேல் சக்கரத்தின் சாய்வுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பற்குழிகளின் அடிப்பகுதி மேட்டின் உச்சியில் வரும்படி வைத்தால் என் இயந்திரத்தில் இழுப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இதைக் கையால் சக்கரத்தைச் சுற்றியபடி, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். பிளேடு பக்கவாட்டில் அசையாமல் தடுக்கும் கைடுகளுக்கும் பிளேடுக்கும் ஒரு காகிதத்தின் தடிமன் இடைவெளி விடுங்கள். அவை பற்களைத் தொடாமல் குழிக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும்.

முனை ஃபென்ஸா, உயரமான தட்டையா?

இரண்டு வகை உண்டு. ஒன்று பிளேடுக்கு நேராக நிற்கும், மூக்கு உருண்ட ஒற்றைக் கட்டை. பலகை அதில் ஒரே கோட்டில்தான் தொடும், அதனால் பிளேடு எந்தப் பக்கம் இழுத்தாலும் பலகையின் வாலை அசைத்து கோட்டைப் பின்தொடரலாம். மூக்கின் உச்சி பற்களின் முனைக்கு நேராகவோ ஓரிரு மில்லிமீட்டர் முன்னாலோ இருக்கட்டும், பின்னால் போகக் கூடாது. இன்னொன்று பலகையை நெடுகத் தாங்கும் தட்டையான சுவர்.

முனை ஃபென்ஸைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். கையால் ஓயாமல் திருத்தியபடி அறுப்பதால் ஏட்டின் முகத்தில் அலை அலையாக வரும், அந்த அலையை இழைத்து எடுக்க 2 மில்லிமீட்டராவது போய்விடும். 4 மில்லிமீட்டர் ஏடு எடுக்கும் வேலைக்கு இது கட்டுப்படியாகாது. கோணல் மாணலான கனத்த கட்டையை முதன்முதலில் உடைக்கும்போது, அல்லது இழுக்கும் பிளேடை வைத்தே வேலையை முடித்தாக வேண்டும் என்ற நிலையில், அது கைகொடுக்கும். பிளேடு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் தட்டைச் சுவர்தான் நல்லது.

கடையில் வாங்குவதாக இருந்தால் பூட்டிவிட்டு, மேல் விளிம்பைக் கட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால் வேண்டாம். முன்பக்கம் மட்டும் பூட்டி பின்பக்கம் தொங்கும் ஃபென்ஸ்களில் பின்முனையையும் அழுத்திப் பாருங்கள். பிளேடின் இழுப்புக்குத் தகுந்தபடி கோணத்தைத் திருப்ப வசதி இருக்கிறதா, உயரமான பலகையை போல்ட் போட்டுப் பொருத்தத் துளையோ காடியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கடைசி வசதி இருந்தால் உங்கள் பழைய ஃபென்ஸே போதுமானதாக இருக்கலாம். ஒரு தட்டையான பலகையைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது.

செய்யும் விதம்

என்னுடையது 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தது. மூன்று பகுதிகள்: மேஜையில் படுக்கும் அடிப்பலகை, நிற்கும் முகம், இரண்டையும் பிணைக்கும் முக்கோணங்கள்.

அடிப்பலகை மேஜையின் முழு நீளத்துக்கும் இருக்கட்டும், முன்னும் பின்னும் கிளாம்ப் போட வேண்டும். என்னுடையது 400 மில்லிமீட்டர் நீளம், 120 அகலம். ஆனால் முகம் அவ்வளவு நீளம் வேண்டாம். முதல் ஃபென்ஸில் நான் செய்த தவறு இதுதான். மரத்துக்குள் இறுக்கம் இருக்கும். பிளந்ததும் அது விடுபட்டு ஏடு வெளிப்பக்கமாக வளையும். பிளேடைத் தாண்டியும் சுவர் நீண்டிருந்தால், வளையும் ஏடு சுவரில் மோதி, பலகை முழுவதையும் பிளேடின் மேல் தள்ளும். அறுப்பு கோணலாகும். ஆகவே முகம் மேஜையின் முன் விளிம்பில் தொடங்கி, பற்களைத் தாண்டி 20 மில்லிமீட்டரில் நின்றுவிடட்டும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நீங்கள் வழக்கமாகப் பிளக்கும் பலகையின் அகலத்தைவிட 10 அல்லது 15 மில்லிமீட்டர் குறைவாக வையுங்கள். மேல் கைடு பலகைக்கு மேலே 6 மில்லிமீட்டர் இடைவெளியில் இறங்கி நிற்க வேண்டும். சுவர் அதைவிட உயரமாக இருந்தால், மெல்லிய ஏடு எடுக்க ஃபென்ஸை நெருக்கும்போது கைடு சுவரில் இடிக்கும். 150 மில்லிமீட்டர் வரை பிளக்கும் என் இயந்திரத்துக்கு 135 உயரம் சரியாக இருக்கிறது.

முகத்துக்கு இரண்டு பிளைவுட் துண்டுகளை ஒட்டி 36 மில்லிமீட்டர் தடிமனாக்குங்கள். ஒரு துண்டு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ, இன்னொன்று அதற்கு எதிர்ப்பக்கம் வளைந்திருக்குமாறு சேர்த்து, நன்றாகச் சமமான பரப்பில் வைத்துக் கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள். நான் பேண்ட்சா மேஜையின் மீதே வைத்து இறுக்கினேன், மேஜையில் பசை ஒட்டாமல் இருக்க நடுவே பிளாஸ்டிக் தாள் விரித்து. அதன் மேல் மைக்கா ஒட்டினால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். மைக்கா இல்லையென்றால் மெழுகு தேயுங்கள், அதுவும் போதும். முகத்தின் அடிவிளிம்பில் 3 மில்லிமீட்டர் சரிவு இழைத்துவிடுங்கள். அங்கே குவியும் மரத்தூள் பலகையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தாமல், அந்தச் சந்துக்குள் போய்விடும்.

முக்கோணங்கள் மூன்று. மூன்றையும் அடுக்கிச் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் செங்கோணத்துக்கு இழைத்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் வராது. ஒன்று கட்டாயம் பிளேடுக்கு நேர் பின்னால் வரட்டும். அழுத்தம் அங்கேதான் விழும். பசையும் திருகும் போட்டுப் பூட்டுங்கள். திருகின் தலை முகத்துக்குள் நன்றாகப் புதைந்த பிறகே மைக்கா ஒட்ட வேண்டும்.

பொருத்திச் சரிபார்ப்பது

நேர் விளிம்புள்ள அரை மீட்டர் கழிவுப் பலகை ஒன்றில், அந்த விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் வெறும் கையால் கோட்டின் மேல் அறுங்கள். பாதி தூரம் வந்ததும், பிளேடு தன் போக்கில் போகும் கோணத்துக்கு உங்கள் கை பழகியிருக்கும். அங்கேயே நிறுத்தி, பலகையை அசையாமல் பிடித்தபடி இயந்திரத்தை அணையுங்கள். பிளேடு முழுதாக நின்றதும் பலகையின் விளிம்பை ஒட்டி மேஜையில் பென்சிலால் கோடு போடுங்கள். ஃபென்ஸ் அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். கிளாம்ப் போடும் ஃபென்ஸின் அருமை இங்கேதான் தெரியும், எந்தக் கோணத்துக்கும் திருப்பலாம்.

அப்புறம் உயரவாக்கில் சரிபார்ப்பது. ஒரு பக்கமும் ஒரு விளிம்பும் இழைத்து நேராக்கிய, சீரான தடிமன் உள்ள கட்டையை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே நிறுத்துங்கள். பிளேடின் பல்லைத் தொடாமல் உடலை மட்டும் கட்டை லேசாகத் தொடட்டும். மேலே வெளிச்சம் தெரிந்தால் ஃபென்ஸ் பின்னால் சாய்ந்திருக்கிறது. அடிப்பலகையில் பிளேடுக்குத் தள்ளி இருக்கும் நீள விளிம்புக்குக் கீழே மாஸ்கிங் டேப் ஓர் அடுக்கு ஒட்டிப் பாருங்கள். கீழே வெளிச்சம் என்றால் பிளேடுப் பக்கத்து விளிம்புக்குக் கீழே ஒட்டுங்கள். எனக்கு இரண்டு அடுக்கு தேவைப்பட்டது.

அறுக்கும்போது இழைத்த பக்கம் ஃபென்ஸிலும் இழைத்த விளிம்பு மேஜையிலும் படட்டும். பலகை முறுக்கியிருந்தால் எந்தச் சுவரும் உதவாது. பலகையைச் சுவரோடு அழுத்தும் சீப்புப் பலகையைக் கட்டாயம் பற்களுக்கு முன்னால் மட்டும் வையுங்கள். பற்களைத் தாண்டி வைத்தால் அறுத்த இடுக்கு மூடிப் பிளேடைக் கவ்விவிடும். அதை ஒரு கட்டையின் மேல் ஏற்றி பலகையின் நடு உயரத்தில் அழுத்துமாறு வைப்பது நல்லது, கீழே மட்டும் அழுத்தினால் மேற்பகுதி சாயும்.

தள்ளும் வேகத்தைக் காதுதான் சொல்லும். சீரான இரைச்சல் கனத்து இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள். கடைசி 100 மில்லிமீட்டரில் கையை எடுத்துவிட்டுத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். பிளேடு வெளியே வரும் இடம் உங்கள் கட்டை விரல் வழக்கமாக அழுத்தும் இடமேதான், அது வரும்வரை மரத்துக்குள் மறைந்திருக்கும். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

ஒரே தடிமனில் பல ஏடுகள் வேண்டுமென்றால், ஏடு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே விழும்படி அறுங்கள். ஒவ்வொரு ஏட்டுக்குப் பின்னும் பலகையின் அறுத்த முகத்தை இழைத்து, அந்த முகத்தையே மீண்டும் ஃபென்ஸில் வைத்தால் ஃபென்ஸை நகர்த்த வேண்டியதில்லை. ஏடுகளை நடுவே குச்சிகள் வைத்து அடுக்கி, சில நாள் காற்றாட விட்ட பிறகு இறுதி அளவுக்கு இழையுங்கள். நான் இறுதித் தடிமனைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாக அறுக்கிறேன்.

முதல் ஏட்டை எடுத்ததும் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் என்றால் டேப் அடுக்கைப் பாருங்கள். முன்முனைக்கும் பின்முனைக்கும் வித்தியாசம் என்றால் இழுப்புக் கோணத்தை மறுபடி எடுங்கள், கிளாம்ப் நழுவியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூலைகள் நான்கும் சரியாக இருந்து அகலத்தின் நடுவில் மட்டும் தடிமன் மாறினால் ஃபென்ஸைத் தொடாதீர்கள். பிளேடின் இறுக்கத்தையும் தள்ளும் வேகத்தையும் பாருங்கள், அவை சரியென்றால் பிளேடை மாற்றுங்கள்.